தொப்பூர் இறக்கத்தில் புகைந்த சக்கரம், காலையில் நன்றாகப் பிடிக்கும் பிரேக்

கடிதம்

ராசிபுரம் பக்கமிருந்து ஒரு லாரி ஓட்டுநர் எழுதியிருக்கிறார். வயது 32. நான்கு வண்டி வைத்திருக்கும் முதலாளியிடம் பன்னிரண்டு சக்கர லாரி ஓட்டுகிறார். பெல்லாரிப் பக்கமிருந்து இரும்புத் தகடு ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வரும் வழியில், போன மாதம் ஓர் இரவு தொப்பூர் கணவாயில் நடந்ததைச் சொல்கிறார். பாளையம் சுங்கச்சாவடி தாண்டியதும் வழக்கம்போல நியூட்ரலில் விட்டு இறங்கியிருக்கிறார். டீசல் மிச்சம் பிடித்தால் முதலாளி தனியாகப் பணம் தருவாராம். பாதி இறக்கத்தில் கருகல் வாடை அடித்திருக்கிறது. மிதித்தால் வண்டி முன்போலக் கட்டுப்படவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்பக்கம் இடது சக்கரத்தில் புகை. எப்படியோ கியரைத் திணித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, ஓரம் கட்டி, கேனில் இருந்த தண்ணீரையெல்லாம் அந்தச் சக்கரத்தின் மேல் ஊற்றியிருக்கிறார். மறுநாள் காலை நாமக்கல்லில் மெக்கானிக் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக் நல்லாத்தான் இருக்கு. லைனர் (டிரம்மில் உரசிப் பிடிக்கும் பட்டை) புதுசு, அதான் புகை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவருடைய கேள்விகள் மூன்று. பிரேக்குக்கான காற்றழுத்தத்தைக் காட்டும் ஏர் மீட்டர் 8 கிலோ காட்டியது, பெடலும் எப்போதும்போல இருந்தது, பிறகு ஏன் பிடிக்கவில்லை? புகைந்த சக்கரத்தை மட்டும் கழற்றிப் பார்த்தால் போதுமா? முதலாளி "பயமா இருந்தா இறங்கிக்கோ" என்கிறார், வீட்டில் மனைவி வேலையை விடச் சொல்கிறார். நாளை ஏதாவது ஆகிவிட்டால் ஜெயிலுக்குப் போவது யார்?

பதில்

தம்பி, மெக்கானிக் உங்களிடம் பொய் சொல்லவில்லை. காலையில் அவர் பார்த்தபோது பிரேக் நன்றாகத்தான் இருந்திருக்கும். சூட்டால் வரும் கோளாறு சூடு ஆறியதும் மறைந்துவிடும். உங்கள் பிரச்சினையே அதுதான்.

விபத்து நடந்த வண்டியைப் பார்த்து அறிக்கை எழுதுவது மோட்டார் வாகன ஆய்வாளரின் வேலை. நீங்கள் எல்லோரும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பீர்களே, அந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓட்டுநர் "பிரேக் பிடிக்கல சார்" என்று அழுவார். மறுநாள் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் அதே வண்டியில் ஏர் ஏற்றி மிதித்தால் கச்சிதமாகப் பிடிக்கும். அத்தோடு நிறுத்திக்கொண்டால் அறிக்கையில் "இயந்திரக் கோளாறால் நேர்ந்த விபத்து அல்ல" என்ற வரிதான் விழும்; ஓட்டுநர் பொய்யர் ஆகிவிடுவார். சக்கரத்தைக் கழற்றினால் கதை வேறு. சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மின் உட்புறம் நீலம் பாய்ந்திருக்கும், மயிரிழை வெடிப்புகள் குறுக்கே ஓடும், லைனர் கிளேஸ் ஆகி, அதாவது கண்ணாடி போல இறுகி, பளபளக்கும். உங்கள் வண்டியில் இதுவரை யாரும் சக்கரத்தைக் கழற்றவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஏர் இருந்தும் ஏன் பிடிக்கவில்லை

காரில் பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் தொளதொளவென்று உள்ளே போய்விடும். ஓட்டுபவருக்கு உடனே தெரியும். ஏர் பிரேக்கில் அப்படி இல்லை. உங்கள் கால் மிதிப்பது ஒரு வால்வை. சக்கரத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பெடல் உங்களுக்குச் சொல்லாது. மீட்டரும் டாங்கில் காற்று இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். ஆகவே "ஏர் இருந்தது, பெடல் நன்றாக இருந்தது" என்பதை வைத்துப் பிரேக்கும் நன்றாக இருந்தது என்று முடிவு கட்ட முடியாது.

சக்கரத்தில் நடந்தது இரண்டு. முதலாவது, சூடு அளவு மீறினால் லைனரின் பிடிப்பு குறையும். இரண்டாவதைப் பல ஓட்டுநர்கள் யோசிப்பதில்லை. டிரம் வார்ப்பிரும்பு. 410 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் 300 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விரியும். அதாவது லைனரைத் தாங்கும் ஷூவை விட்டு விலகிப் போகும். விலகிய டிரம்மைத் தொட, காற்றழுத்தம் வேலை செய்யும் சேம்பரில் இருந்து வந்து ஷூவை நகர்த்தும் தண்டான புஷ் ராடு பத்து மில்லிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக நகர வேண்டும். பொதுவாகப் போடும் 30 வகைச் சேம்பரில் மொத்த ஓட்டமே இரண்டரை அங்குலம்; இரண்டு அங்குலத்தைத் தாண்டினாலே அட்ஜஸ்ட்மென்ட் கெட்டுவிட்டது என்று கணக்கு. ஏற்கெனவே தளர்ந்திருந்த பிரேக் என்றால் மிச்சமுள்ள அரை அங்குலத்தை இந்தச் சூடு தின்றுவிடும். புஷ் ராடு போகிற தூரம் போய் முட்டி நிற்கும். நீங்கள் என்ன மிதித்தாலும் அந்தச் சக்கரத்தில் ஒன்றும் நடக்காது. டிரம் ஆறிச் சுருங்கியதும், காலையில், மறுபடியும் பிடிக்கும்.

எவ்வளவு சூடு என்று கேட்பீர்கள். 35 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் சக்தி, நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். உங்கள் வண்டியில் எட்டு டிரம். ஒன்று சுமார் 50 கிலோ என்று வையுங்கள். அத்தனை சூடும் டிரம்மிலேயே தங்கினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 180 டிகிரி ஏறும். உண்மையில் காற்றும் டயர் உருள்வதும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், கியரில் இருந்தால் இன்ஜின் கணிசமாக வாங்கிக்கொள்ளும். எட்டில் ஐந்து டிரம்தான் ஒழுங்காக வேலை செய்கிறது என்றால் அந்த 180 கிட்டத்தட்ட 300 ஆகிவிடும். லோடோடு லிஃப்ட் ஆக்சிலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கம் உங்கள் லைனில் உண்டு. தூக்கிய ஆக்சிலில் இரண்டு டிரம் சும்மா தொங்கிக்கொண்டு வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஹேண்ட் பிரேக் தனிப் பிரேக் என்பதும் தப்பான நம்பிக்கை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் வேலை செய்யும் ஸ்பிரிங் பிரேக் தள்ளுவதும் அதே ஷூவைத்தான், அதே டிரம்மில்தான். அவை சூட்டில் தோற்றால் இதுவும் தோற்கும். அன்றைக்கு உங்களைக் காப்பாற்றியது நீங்கள் திணித்த கியர். ஓடுகிற வேகத்தில் அது விழுந்தது உங்கள் அதிர்ஷ்டம், பெரும்பாலும் விழாது.

புகைந்த சக்கரம் குற்றவாளியா

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: போதாது. நீண்ட இறக்கத்துக்குப் பிறகு புகைகிற சக்கரம் பல நேரம் ஒழுங்காக உழைத்த சக்கரமாக இருக்கும். சோம்பேறிச் சக்கரங்களின் வேலையையும் சேர்த்துச் செய்து அது வெந்திருக்கும். இறங்கி முடித்ததும் எந்த டிரம் குளிர்ந்து கிடக்கிறது என்று பாருங்கள். கோளாறு அங்கே இருக்கலாம்: தளர்ந்த அட்ஜஸ்டர், ஷூவை விரிக்கும் எஸ் கேம் இறுகிப்போனது, சேம்பருக்குள் இருக்கும் டயாஃப்ரம் கிழிந்தது, லைனரில் கிரீஸ்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. தட்டையான சாலையில், பிரேக்கை அதிகம் தொடாமல் அரை மணி ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் ஹப் அருகேயும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். எல்லாம் வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் தகித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் உரசுகிறது: ரிட்டர்ன் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், அளவுக்கு மீறி டைட் வைத்திருக்கலாம், ஸ்பிரிங் பிரேக் முழுசாக ரிலீஸ் ஆகாமல் இருக்கலாம், பேரிங் போயிருக்கலாம். இதே சோதனையை இறக்கம் இறங்கிய பிறகு செய்தால் தேட வேண்டியது எதிர்ப்பதம், குளிர்ந்த சக்கரம். சூடு அளக்கும் இன்ஃப்ராரெட் கன் ஒன்று கேபினில் இருந்தால் நல்லது. கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்தார்களே, அது உதவாது. 400 டிகிரிக்கு மேல் காட்டும் பட்டறைக் கன் வேண்டும். ஒரே ஆக்சிலில் இடமும் வலமும் பெரிய வித்தியாசம் காட்டினால் வண்டியைப் பட்டறைக்கு விடுங்கள்.

"புது லைனர் புகையும்" என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. புதிதாகப் போட்ட லைனர் டிரம்மோடு படியும்வரை முதல் சில நாள் லேசாக வாடை வரும். ஆனால் புகையோடு பிடிப்பும் குறைந்ததென்றால் அதை லைனர் புதுசு என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. லைனர் மாற்றியபோது டிரம்மை லேத்தில் கடைந்தார்களா என்று கேளுங்கள். எத்தனை தடவை கடைந்தது, டிரம்மில் பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டிவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கடைந்து கடைந்து மெலிந்த டிரம் சூட்டைக் கொஞ்சமாகவே தாங்கும், சீக்கிரம் விரியும், வெடிக்கவும் செய்யும். நீங்கள் தண்ணீர் ஊற்றிய டிரம்மைக் கட்டாயம் கழற்றிப் பார்க்க வேண்டும். கொதிக்கிற வார்ப்பிரும்பின் மேல் பச்சைத் தண்ணீர் விழுந்தால் விரிசல் விட வாய்ப்பு அதிகம். வெளியே இருந்து கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று. சூடான பிரேக் தளர்ந்திருக்கிறது என்று இடைவழியில் ஸ்பேனர் எடுத்து டைட் வைக்காதீர்கள். ஆறியதும் டிரம் சுருங்கி ஷூவைக் கவ்விக்கொள்ளும், அடுத்த நூறு கிலோமீட்டரும் உரசிக்கொண்டே வருவீர்கள். தானாக அட்ஜஸ்ட் ஆகும் ஸ்லாக் அட்ஜஸ்டர் உள்ள வண்டியில் அடிக்கடி கையால் டைட் வைக்க வேண்டியிருந்தால் அந்த அட்ஜஸ்டரோ கேம் புஷ்ஷோ கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

நியூட்ரல் கணக்கு

இதில் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். முதலாளி தரும் டீசல் பணத்துக்காக நியூட்ரலில் இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். எலக்ட்ரானிக் முறையில் டீசல் பாயும் இன்ஜினில், கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரில் கால் இல்லாவிட்டால் டீசல் அடியோடு நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் ஐடிலிங்கில் ஓட டீசல் குடிக்கும். பிறகு மிச்சம் எங்கிருந்து வருகிறது? வண்டியைத் தடுக்காமல் ஓட விட்டு, அந்த வேகத்திலேயே கீழே வெகுதூரம் போவதில் வருகிறது. மிதித்துக்கொண்டே நியூட்ரலில் இறங்கினால் அந்த மிச்சம் அத்தனையும் டிரம்மில் சூடாகப் போய்விடும். ஆகக் காசு மிஞ்ச வேண்டுமானால் 35 டன்னைக் கணவாயில் கட்டவிழ்த்து விட வேண்டும். உங்கள் முதலாளி இதை இப்படி யோசித்திருக்க மாட்டார். அவரிடம் இப்படியே சொல்லுங்கள்.

சிலர் இன்ஜினையும் அணைத்துவிடுகிறார்கள். கம்ப்ரஸர் நிற்கும், மிதிக்க மிதிக்க ஏர் இறங்கும், பவர் ஸ்டீயரிங்கும் போகும். நீங்கள் அப்படிச் செய்ததாக எழுதவில்லை, செய்யவும் வேண்டாம்.

இறங்கும் முறை

வண்டியை இறக்கத்தில் விடுவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். அந்த மேட்டை லோடோடு ஏற எந்தக் கியர் வேண்டுமோ, அது அல்லது அதற்கும் ஒன்று கீழே. ஐந்து சதவீத இறக்கத்தில் 35 டன் வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது தடுத்து நிறுத்த வேண்டிய சக்தி ஏறக்குறைய 190 குதிரைத் திறன். 60-ல் வந்தால் அது இரட்டிப்பு. இதில் பெரும்பங்கை இன்ஜினும், புகை வெளியேறும் வழியை அடைத்து வண்டியைத் தடுக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வாங்கிக்கொண்டால் கால் பிரேக்குக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும். எக்ஸாஸ்ட் பிரேக் இன்ஜின் சுற்று கூடினால்தான் நன்றாக வேலை செய்யும். ஆகவே சுற்று ஏறுகிறதே என்று பயந்து மேல் கியருக்குப் போகாதீர்கள். மீட்டரில் சிவப்புக் கோட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். உங்கள் வண்டியில் எக்ஸாஸ்ட் பிரேக் ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. பல வண்டிகளில் அது ஒட்டடை படிந்து கிடக்கும்.

காலை லேசாகப் பெடலிலேயே வைத்துக்கொண்டு இறங்குவது மென்மையான ஓட்டம் என்று தோன்றும். அது தவறு. லேசான அழுத்தத்தில் எல்லாச் சக்கரமும் சமமாகப் பிடிக்காது. சீக்கிரம் பிடிக்கும் இரண்டு மூன்று சக்கரங்களே முழுச் சுமையையும் சுமந்து வேகும். 30 என்று ஒரு வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொட்டதும் உறுதியாக மிதித்து 22 அளவுக்குக் கொண்டுவந்து, காலை முழுசாக எடுத்துவிடுங்கள். இன்ஜின் தடுத்துக்கொண்டிருக்க வண்டி மெல்ல 30-க்கு ஏறும். மறுபடி மிதியுங்கள். ஒரு மிதிப்பு மூன்று விநாடி போல. சடசடவென்று விட்டு விட்டுக் குத்துவது வேறு. அதில் ஏர்தான் தீரும்.

வாடை வந்தால், அதே வேகம் குறைய முன்பைவிட ஆழமாக மிதிக்க வேண்டியிருந்தால், வண்டி ஒரு பக்கம் இழுத்தால், புகைக்காகக் காத்திருக்காதீர்கள். பிரேக் மிச்சமிருக்கும்போதே அகலமான ஓரத்தில் நிறுத்துங்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். தட்டையான இடமென்றால் ஹேண்ட் பிரேக் போடாமல் விடுவது டிரம்முக்கு நல்லது. சரிவில் அந்த யோசனையே வேண்டாம், போடுங்கள். முக்கால் மணி, ஒரு மணி நேரமாவது ஆற விடுங்கள். நின்ற பிறகும் டிரம்மின் சூடு ரிம் வழியாக டயருக்கு ஏறிக்கொண்டே இருக்கும். டயர் தீப்பிடிப்பதும் வெடிப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். அன்றைக்கு நீங்கள் சக்கரத்தின் பக்கவாட்டில் குனிந்து தண்ணீர் ஊற்றியதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. எட்டி நில்லுங்கள், முன்னாலோ பின்னாலோ. சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்ற பேச்சு, டயரே எரியத் தொடங்கிவிட்டால் அதோடு முடிந்தது. தூரத்தில் இருந்து ஏராளமாகத் தண்ணீர் அடித்தால்தான் அணையும், அது தீயணைப்பு வண்டியின் வேலை. 112-ஐயும் நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐயும் கூப்பிட்டுவிட்டு விலகிப் போங்கள்.

ஜெயிலுக்குப் போவது யார்

நேராகச் சொல்கிறேன்: முதலில் நீங்கள். கவனக்குறைவால் ஒருவர் இறந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. எஃப்.ஐ.ஆரில் ஸ்டீயரிங்கில் இருந்தவர் பெயர்தான் எழுதப்படும். நியூட்ரலில் இறங்கினீர்கள் என்று தெரிந்தால் கவனக்குறைவை மெய்ப்பிக்க அரசுத் தரப்பு அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை.

ஆனால் முதலாளி கை கழுவிவிட முடியும் என்று அவரும் நினைக்க வேண்டாம், நீங்களும் நினைக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவு, ஆபத்து விளைவிக்கும் கோளாறுள்ள வண்டியை ஓட்டுபவரை மட்டும் சொல்லவில்லை. ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. கோளாறு தெரிந்திருந்தாலும் குற்றம். சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலும் குற்றம். அபராதத் தொகை 1,500 ரூபாய்தான். யாருக்காவது காயம் என்றால் மூன்று மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் வரை போகும். ஓவர்லோடு ஏற்றினால் 194-வது பிரிவில் 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் தனி. எஃப்.சி. என்ற தகுதிச் சான்று இருக்கிறது என்பதும் கவசமல்ல. அது பரிசோதனை நடந்த நாளின் நிலைமையைச் சொல்லும் தாள்.

வேலையை விடுவதா என்பது உங்கள் வீட்டுக் கணக்கு. அதில் நான் தலையிட முடியாது. உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று மட்டும் சொல்வேன். அதற்கு முன் முதலாளியிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எட்டு டிரம்மையும் கழற்றிப் பார்க்க வேண்டும், புகைந்ததை மட்டும் அல்ல. எக்ஸாஸ்ட் பிரேக்கைச் சரி செய்ய வேண்டும். டீசல் கணக்கில் இருந்து கணவாய் இறக்கத்தைத் தள்ளிவிட வேண்டும். பயம் என்று பேசினால் இறங்கிக்கோ என்பார். ஒரு ஜோடி டயரும் ஒரு டிரம்மும் என்ன விலை, வண்டி பத்து நாள் ஸ்டேஷன் வாசலில் நின்றால் வாடகை எவ்வளவு போகும் என்று பேசுங்கள்; உட்கார்ந்து கேட்பார். மாட்டேன் என்றால் அந்த வண்டியில் லோடோடு தொப்பூர் இறங்காதீர்கள். நாமக்கல், சங்ககிரியில் வண்டிக்கு ஆள் தேடும் ஆபீஸ்கள் இருக்கின்றன. கனரக லைசென்ஸும் கையில் தொழிலும் உள்ளவருக்கு இன்னொரு ஸ்டீயரிங் கிடைக்கும்.

எந்த முடிவு எடுத்தாலும் இன்றைக்கே முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பிவிடுங்கள், குரல் பதிவாக வேண்டாம். வண்டி எண், புகைந்த தேதி, எந்தச் சக்கரம், அன்றைக்கு எத்தனை டன், மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றாமலே அனுப்பியது, இப்போது எட்டையும் கழற்றிப் பார்க்கச் சொல்லி நீங்கள் கேட்பது, இவ்வளவு போதும். கோபமாக ஒரு வரியும் வேண்டாம். எடைச் சீட்டைப் படமெடுத்து அதோடு சேர்த்து அனுப்புங்கள். போனை மாற்றினாலும் அந்தச் செய்தியை அழிக்காதீர்கள்.